அக்கட்டக்காரர்

அந்த ஊரைக் கட்டியவர் அவர்தான் என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அவர் கட்டியது ஊரின் முன்பக்கத்தை மட்டும்தான். பின்பக்கம் என்று ஒன்று இருக்கிறதே, மனிதர்கள் சமைத்து, துவைத்து, குளித்து, பிள்ளை பெற்று, இருமிக்கொண்டு கிடக்கிற பக்கம், அது அவர் கண்ணில் பட்டதே இல்லை.

பெயரைச் சொல்ல மாட்டேன். அவருடைய பேரன்மார் கோயமுத்தூரில் நல்ல நிலையில் இருக்கிறார்கள். அவர்களுக்கு எதற்கு மனவருத்தம். நேரில் எல்லாரும் அவரைச் செக்ரெட்டரி என்று கூப்பிட்டோம். அவர் தலை மறைந்ததும் அக்கட்டக்காரர். எங்கள் பக்கத்தில் அக்கட்ட என்றால் அந்தப் பக்கம் என்று அர்த்தம். வாயைத் திறந்தால் அவருக்கு முதலில் வருகிற வார்த்தை அதுதான்.

“எல்லாஞ் சரிதானுங்க. அக்கட்டயிருந்து பாத்தா எப்படி இருக்கும்? அதச் சொல்லுங்க மொதல்ல!”

அக்கட்ட என்று அவர் கைத்தடியை நீட்டிக் காட்டுவது பள்ளத்துக்கு எதிரே இருந்த மேட்டை. அதன் உச்சியில் தோட்டத் துரைமார்களின் கிளப் இருந்தது. அதைச் சுற்றி அவர்களுடைய பங்களாக்கள். நடுவே பள்ளம், பள்ளத்தில் ஒரு ஓடை. இந்தப் பக்கச் சரிவில் நாங்கள். குன்னூரிலிருந்து ஊட்டிக்குப் போகிற வழியில் அப்போதெல்லாம் இப்படித்தான் ஒரு மேடு அவர்களுக்கு, ஒரு பள்ளம் நமக்கு என்று இருக்கும்.

குள்ளமான மனிதர். கழுத்து மூடின கோட்டு, சரிகைக்கரைத் தலைப்பாகை, வேட்டிக்குக் கீழே பூட்ஸ். பேசும்போது நம் முகத்தைப் பார்க்க மாட்டார். நம் தோளுக்கு மேலாக எதிர்மேட்டைப் பார்த்துக்கொண்டே பேசுவார். முதல் தடவை அவரோடு பேசியபோது, எனக்குப் பின்னால் யாரோ பெரிய மனிதர் வந்து நிற்கிறார் என்று நினைத்துத் திரும்பித் திரும்பிப் பார்த்து எனக்குக் கழுத்து வலித்ததுதான் மிச்சம்.

நாங்கள் அங்கே குடிபோனது ஆசைப்பட்டு இல்லை. கீழே பஜாரில் எங்களுக்கு ரொட்டிக் கடை. என் வீட்டுக்காரரின் அத்தா காலத்திலிருந்தே ரொட்டியும் பன்னும் மொறுமொறு வர்க்கியும் போட்டுவந்த குடும்பம். கிளப்புக்கும் பங்களாக்களுக்கும் எங்கள் ரொட்டிதான் போகும். ஒரு வருடம் பஜாரில் எலி செத்து விழ ஆரம்பித்தது. பிளேக் என்றார்கள். எங்கள் தெருவில் வீட்டுச் சுவர்களிலெல்லாம் தாரால் குறி போட்டுவிட்டுப் போனார்கள். குறி போட்ட வீடு இடிபடும். இடம் வேண்டுமானால் மேலே சரிவில் புது டவுன் வருகிறது, அங்கே போய்க்கொள்ளலாம்.

அந்தச் சரிவு ஒரு காலத்தில் காப்பித் தோட்டமாம். நோய் விழுந்து காப்பி செத்தது. பிறகு கொய்னா மருந்துக்கான சிங்கோனா மரம் வைத்துப் பார்த்தார்கள், அதுவும் விலை போகவில்லை. கடைசியில் விறகுக்கு மட்டுமே ஆகிற சீகை மரம் மண்டிக் கிடந்த அந்த நிலத்தை ஒன்றுக்கும் உதவாது என்று ஒரு துரை கைகழுவினார். கைகழுவின நிலத்தைத்தான் செக்ரெட்டரி, “துரை நம்மள நெனச்சுக் குடுத்தது” என்று சொல்லிச் சொல்லிப் பூரித்துப் போவார். தோட்டங்களுக்கு ஏஜெண்டாக இருந்த ஒரு ஆபீசில் ஹெட் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். புது டவுன் சங்கத்துக்குத் தாமாகவே செக்ரெட்டரி ஆனார். யாரும் அவரைத் தேர்ந்தெடுத்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. யாரும் வேண்டாம் என்று சொன்னதாகவும் ஞாபகம் இல்லை.

எங்களுக்கு வேறு வழி கிடையாது. பஜாரில் இனி ரொட்டி அடுப்பு போட முடியாது. புது டவுனில் அடுப்பு எரிந்தால் மலையில் இருக்கலாம். எரியாவிட்டால் மேட்டுப்பாளையத்தில் என் வீட்டுக்காரரின் அண்ணன் வீட்டுத் தாழ்வாரத்தில் போய் ஒண்டிக்கொள்ள வேண்டும். அந்த வீட்டம்மாள் சோற்றுப் பானையை மூடி வைத்துவிட்டுத்தான் நம்மோடு பேசவே வருவாள். ஆகவே அடுப்பு எரிகிற வரைக்கும்தான் எனக்கென்று ஒரு வீடு. இதில் எனக்குக் குழப்பமே இருந்ததில்லை.

ஊரை எப்படி அமைத்தார் என்று சொல்கிறேன். சரிவை வெட்டி மூன்று ரோடு. மேல் ரோடு, நடு ரோடு, கீழ் ரோடு. வீடுகள் எல்லாம் ஒரே அளவு, ஒரே சுண்ணாம்பு வெள்ளை, ஒரே சிவப்புக் கூரை. எல்லா வீட்டுக்கும் வாசல் பள்ளத்தைப் பார்த்து, அதாவது அக்கட்ட பார்த்து. எங்களுடையது மலையின் நிழல் பக்கம். வருகிற கொஞ்சம் வெயிலும் வாசலில்தான் விழும். பின்பக்கம் மலையை வெட்டின மண்சுவரோடு ஒட்டிக்கொண்டு எப்போதும் கசிந்துகொண்டிருக்கும். வாசல் பக்கம் கண்ணாடி போட்ட பெரிய ஜன்னல்கள். பின்பக்கம் ஒரு ஜன்னல்கூடக் கிடையாது. சமையற்கட்டில் கண்ணே தெரியவில்லை, ஒரு சின்ன ஜன்னலாவது வையுங்கள் என்று நாங்கள் நாலைந்து பெண்கள் போய்க் கேட்டோம்.

“பின்னால ஜன்னல் எதுக்குங்க அம்மா? அங்க யாரு பாக்கப்போறாங்க?” என்றார்.

உள்ளே இருப்பவர்கள் வெளியே பார்க்கத்தான் ஜன்னல் என்று அவரிடம் யார் போய்ச் சொல்வது? வீடு திரும்புகிற வரைக்கும் நாங்கள் சிரித்துக்கொண்டே வந்தோம். மழைக்காலம் வந்த பிறகு சிரிக்கவில்லை.

ஊருக்கு மணிக்கூண்டு வேண்டும் என்று அடம்பிடித்துக் கட்டினார். அதில் கடிகார வட்டம் ஒரே ஒரு பக்கம்தான். எந்தப் பக்கம் என்று சொல்லவேண்டியதில்லை. ஊருக்குள் இருப்பவர்களுக்கு அதன் முதுகுதான் தெரியும். மணி பார்க்க வேண்டுமானால் கீழ் ரோட்டைத் தாண்டி ஓடைச் சரிவில் கொஞ்சம் இறங்கித் திரும்பி அண்ணாந்து பார்க்க வேண்டும். இறங்கிப் பார்த்தவர்களுக்கு இன்னொரு சங்கதி தெரிந்தது. முள் ஓடவில்லை. உள்ளே யந்திரமே வைக்கவில்லை. கேட்டதற்கு, யந்திரம் பிறகு வரும், அவ்வளவு தூரத்திலிருந்து மணி என்னவென்று யாருக்குத் தெரியப்போகிறது, வட்டம் தெரிந்தால் போதாதா என்றார்.

பெயர் விஷயத்திலும் இதே கூத்துதான். முதலில் ஊருக்கு ஒரு துரையின் பெயரை வைத்தார். துரைக்கு அது பிடித்ததா என்று தெரியாமல் தவித்து, அவருடைய பெண்டாட்டியின் பெயருக்கு மாற்றினார். அவர்கள் கப்பலேறிப் போனதும் அடுத்து வந்த துரையின் பெயர். ஒவ்வொரு தடவையும் பலகையைச் சுரண்டி வண்ணம் அடிக்க வேண்டியிருந்தது. ஊரில் பாதி வீடு எழும்புவதற்குள் பலகை தேய்ந்துபோனது. பஜார் ஜனங்கள் இந்தத் தொல்லையே வேண்டாம் என்று பொம்மை டவுன் என்று சொல்லிவிட்டார்கள். தபால்காரர் வரைக்கும் அதுதான் பெயர்.

திறப்பு விழாவை எங்கள் ஊரில் வைக்கவில்லை. ஊருக்குள் வந்தால் ஊர் எப்படித் தெரியும் என்பது அவர் நியாயம். கலெக்டர் துரையை எதிர்மேட்டு ரோட்டில் ஒரு பந்தல் போட்டு உட்கார வைத்து, அங்கிருந்து ஊரைக் காட்ட ஏற்பாடு. நாங்கள் எல்லாரும் குளித்து உடுத்தி அவரவர் வாசலில் வெள்ளைத் துணியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். நின்றோம். துரை வந்து இறங்கவும் பள்ளத்திலிருந்து பனிமூட்டம் ஏறவும் சரியாக இருந்தது. பக்கத்து வீட்டு வாசல்கூட எனக்குத் தெரியவில்லை. துணியைப் பிடித்துக்கொண்டு குளிரில் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தோம். துரை என்ன பார்த்தாரோ, மூட்டத்தைப் பார்த்து “வெரி நைஸ்” என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டாராம். அந்த இரண்டு வார்த்தையைச் செக்ரெட்டரி வருடக்கணக்கில் வைத்து ஓட்டினார். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று போய் நின்றால், “துரையே வெரி நைஸ்னு சொல்லிப்போட்டாரு, நீங்க என்னமோ கொறை சொல்றீங்களே” என்பார்.

ரோடு போட வைத்தார், வாஸ்தவம். ரோடு வெளியே தெரியும் அல்லவா, அதனால் போட வைத்தார். சாக்கடை தெரியாது. அது அவர் இருந்த வரைக்கும் வரவில்லை.

பிறகு சட்டங்கள். வாசலில் சிவப்பு ஜெரேனியம் பூத்தொட்டி இருக்க வேண்டும். கோழி முன் ரோட்டில் திரியக் கூடாது. துணி வாசலில் காயக் கூடாது. இதுதான் பெரிய கொடுமை. வெயில் விழுகிற ஒரே இடம் வாசல். அங்கே துணி போடக் கூடாது என்றால் அந்த மலைக் குளிரில் துணி எப்படிக் காயும்? பிள்ளைகள் ஈரச் சட்டையோடு பள்ளிக்கூடம் போய் நெஞ்சில் சளி கட்டி வந்தன. தினமும் சாயங்காலம் அவர் சுற்றுவழியாக எதிர்மேட்டுக்கு நடந்துபோய், அங்கே நின்று ஊரைப் பார்த்துவிட்டு வருவார். திரும்பி வந்ததும் நேரே குற்றவாளியின் வீட்டுக்கு வந்து கதவைத் தட்டுவார். “நடு ரோட்டுல பச்சைச் சேலை ஒண்ணு காயுதுங்க. அக்கட்டயிருந்து பாத்தா பளிச்சுன்னு தெரியுது. சகிக்கலீங்க!”

ஊர்ப் பெண்கள் துணியை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். ரொட்டி அடுப்பு இருந்த அறை ஒன்றுதான் அந்த ஊரிலேயே காய்ந்த இடம். சுவரிலிருந்து சுவருக்குக் கயிறு கட்டினோம். அடுப்புச் சூட்டில் ஊர்த் துணி முழுவதும் காயும். கொஞ்ச நாளில் ரொட்டியில் சோப்பு வாசம் அடிக்கிறது என்று கிளப்பிலிருந்து சொல்லியனுப்பினார்கள். செக்ரெட்டரியின் வீட்டம்மாளும் பின்வழியாகத் துணி கொண்டுவருவாள். பாவம், நல்ல மனுஷி. விறகு எரித்தால் புகை தெரியும் என்று அவள் வீட்டில் கரி அடுப்பு மட்டும்தான். கையை எங்கள் அடுப்பின் பக்கம் நீட்டிக்கொண்டு, “கொஞ்ச நேரம் இருந்துக்கறனுங்க அக்கா” என்று கேட்பாள். அவர் வருகிற நேரம் ஆனதும் பாதி ஈரத் துணியோடு எழுந்து ஓடுவாள்.

எங்கள் அடுப்புக்கு வருகிறேன். குடிபோன முதல் வாரம் அடுப்பு மூட்டின அன்றைக்கே தலைப்பாகை கலைய ஓடிவந்தார்.

“ஏனுங்க பாய், என்னங்க இது? ஊரே தீப்புடிச்ச மாதிரி பொகை!”

“அடுப்பு மூட்டினா பொகை வருமுங்களே” என்றார் என் வீட்டுக்காரர். சாதுவான மனிதர். குரலை உயர்த்தத் தெரியாது.

“வரட்டுமுங்க, வேண்டாங்கல. ஆனா அக்கட்டயிருந்து பாத்தா இது டவுன் மாதிரியா இருக்குது? செங்கச் சூளை மாதிரியல்ல இருக்குது!”

“அக்கட்ட இருக்கறவியளுக்குத்தானுங்க இந்த ரொட்டியே.”

“ரொட்டி வேறங்க பாய். பொகை வேற.”

இரவில் மூட்டிப் பார்த்தோம். பொறி பறப்பது இன்னும் நன்றாகத் தெரிகிறது என்று அதற்கும் வந்தார். கடைசியில் ஒரு வழியையும் அவரே கண்டுபிடித்துச் சொன்னார். என்னமோ தானம் கொடுக்கிற தோரணை.

“மூட்டம் எறங்கறப்ப மூட்டிக்குங்க. பொகையும் மூட்டமும் ஒண்ணோட ஒண்ணாப் போயிரும். யாருக்குந் தெரியாது.”

அன்றிலிருந்து எங்கள் பிழைப்பு மூட்டத்தின் கையில். துரைமார்களின் நாலு மணி டீக்கு ரொட்டி சூடாகப் போக வேண்டும் என்றால் முற்பகலில் அடுப்பு எரிந்தாக வேண்டும். விறகை அடுக்கி வைத்துவிட்டு என் வீட்டுக்காரர் தீப்பெட்டியோடு உள்ளே உட்கார்ந்திருப்பார். நான் வாசலில் நின்று பள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஓடைப் பக்கமிருந்து வெள்ளையாகக் கிளம்பும். மெதுவாக ஏறி எதிர்மேட்டை மூடும். கிளப்பின் கூரை மறைந்ததும், “மறஞ்சுபோச்சுங்க!” என்று கத்துவேன். உள்ளே குச்சி கிழியும் சத்தம் கேட்கும். சில நாள் அடுப்பு நன்றாகப் பிடித்த பிறகு மூட்டம் விலகிவிடும். உடனே ஈரச் சாக்கைப் புகைக்கூண்டின் மேல் போட்டு அடைப்போம். புகை முழுவதும் வீட்டுக்குள் திரும்பும். கண்ணெரிந்து, இருமி, ஊர்த் துணியெல்லாம் கரி பிடித்து, அது ஒரு நரகம். உலகத்திலேயே மேகத்தைப் பார்த்து ரொட்டி சுட்ட குடும்பம் நாங்கள் ஒன்றாகத்தான் இருக்கும்.

கல்யாண ஊர்வலம் என்றால் முன் ரோட்டில் போகலாம். இரண்டு தடவை போகச் சொல்லுவார், அக்கட்டயிருந்து நன்றாகத் தெரியட்டும் என்று. சாவு என்றால் பின்வழி. கீழ் ரோட்டில் ஒரு கம்பவுண்டர் இறந்துபோனார். நல்ல மழை. பின்வழி என்பது வீடுகளுக்கும் மண்சுவருக்கும் நடுவில் சாக்கடைத் தண்ணீர் ஓடுகிற சந்து. பாடையைத் தூக்கினவர்கள் வழுக்கிச் சேற்றில் உட்கார்ந்தார்கள். செக்ரெட்டரி குடையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நிஜமாகவே அழுதார், கம்பவுண்டர் அவருக்குச் சிநேகிதர். அழுதுகொண்டே, “இன்னுங் கொஞ்சம் தூரந்தானுங்க, சத்தம் போடாமப் போங்க” என்றார். அன்றைக்கு எனக்கு வந்த அருவருப்பு சொல்லி மாளாது.

அவர் பெருமையாகச் சொல்லிக்கொள்கிற கதை ஒன்று உண்டு. சங்கக் கூட்டம் எது நடந்தாலும் அதில் வந்துவிடும். ஆபீசில் அவருடைய நாற்காலி துரையின் நாற்காலிக்குப் பின்னால். வேலை பார்த்த காலம் முழுவதும் துரையின் முதுகைப் பார்த்துக்கொண்டுதான் எழுதினாராம். ஒரே ஒரு நாள் துரை திரும்பி அவரை நன்றாகப் பார்த்து, “ஓ, நீ இங்கேதான் இருக்கிறாயா?” என்று இங்கிலீஷில் கேட்டாராம். அவ்வளவுதான் கதை. அதைச் சொல்லும்போது எழுந்து நின்று தலைப்பாகையைச் சரிசெய்துகொள்வார். கேட்கிற எனக்குக் கூச்சமாக இருக்கும். என் வீட்டுக்காரர் மட்டும், “பாவம் புள்ள அவரு” என்பார். எனக்குப் பாவமாக இல்லை. அவருக்கு முதுகைக் காட்டினது ஒரு துரை. அதற்குத் தண்டம் கட்டினது மூன்று ரோட்டுப் பெண்கள்.

ஒரு தை மாதம். உறைபனிக் காலம். காலையில் புல்லெல்லாம் வெள்ளையாக இருக்கும், வெயில் வந்ததும் வானம் துடைத்துவிட்ட மாதிரி நீலமாகிவிடும். மூட்டம் என்பதே கிடையாது. மற்ற வருடங்களில் இந்த நாட்களை வர்க்கியை வைத்துச் சமாளிப்போம். வர்க்கி வாரக்கணக்கில் கெடாது. அந்த வருடம் கிளப்பில் பந்தய வாரம். எல்லாத் தோட்டங்களிலிருந்தும் துரைமார்கள் குடும்பத்தோடு வந்து தங்குவார்கள். ரொட்டி இரண்டு மடங்கு வேண்டும் என்று கிளப்பின் சாப்பாட்டைக் கவனிக்கிற பட்லர் சொல்லியனுப்பினார். தர முடியாவிட்டால் இப்போதே சொல்லிவிடுங்கள், ஊட்டிக் கடைக்கே நிரந்தரமாகக் கொடுத்துவிடுகிறோம் என்றும் சேர்த்துச் சொல்லியிருந்தார்.

அதே நாள் செக்ரெட்டரியும் வந்தார்.

“பாய், அக்கட்ட இந்த வாரம் எத்தனை பேரு வாராங்கன்னு தெரியுமுங்களா? பெரிய பெரிய துரைமாரு. பொகைன்னு ஒரு நூல்கூட வரக்கூடாது. உங்களை நம்பி இருக்க முடியாதுங்க. நாளைக்கிக் கொத்தனாரோட வாரேன். பொகைக்கூண்டை எறக்கிப்போடலாம்.”

“கூண்டை எறக்கினா அடுப்பே இல்லீங்களே.”

“ஊட்டியில வாங்கிக் கைமாத்தி விட்டுப்போடுங்க. எதுக்குங்க உங்களுக்கு இந்தப் பாடெல்லாம்?”

அவர் போன பிறகு என் வீட்டுக்காரர் மாவுத் தொட்டியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். பிசைந்த மாவு தொட்டியில் பொங்கிக்கொண்டிருந்தது. மூட்டம் வந்தாலும் வரும் என்று தினமும் பிசைவார். வராது. புளித்துப் போனதைக் கோழிக்குப் போடுவோம்.

“மேட்டுப்பாளையமே போயிரலாமா புள்ள?” என்றார்.

அந்தத் தாழ்வாரமும் மூடி வைத்த சோற்றுப் பானையும் கண்முன்னே வந்தன. “நான் அக்கட்ட போயிட்டு வாரனுங்க” என்றேன். “பட்லருகிட்ட நாலு நாள் தவணை கேக்கறேன்.”

மறுநாள் காலையில் அவர் வழக்கம்போல மாவைப் பிசைந்துகொண்டிருக்கும்போது, நான் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு ஒரு கூடை வர்க்கியோடு கிளம்பினேன். அதுவரைக்கும் எதிர்மேட்டுக்கு நான் போனதே இல்லை. ரொட்டியை எடுத்துப்போகக் கிளப்பிலிருந்தே ஆள் வருவான். ஓடையில் இறங்கி ஒற்றையடிப் பாதையில் ஏறினால், கிளப்பின் சமையற்கட்டுக்குப் பின்னால் கொண்டுபோய் விட்டது.

முதலில் என் கண்ணில் பட்டது புகை. சமையற்கட்டுக் கூண்டு மூன்று. மூன்றிலும் கறுகறுவென்று புகை. அதற்குக் கீழே விறகுக் குவியல், எச்சில் தொட்டி, கொடியில் வரிசையாக மேஜைத் துணிகள், துரைசானிகளின் உள்ளாடைகள்கூட. எல்லாம் எங்கள் ஊரைப் பார்த்துத்தான். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். பட்லர் வெளியே வந்து வர்க்கியை வாங்கிக்கொண்டார். வயதானவர், தன்மையாகப் பேசினார்.

“துரைமாரெல்லாம் எங்க அண்ணே உக்காருவாங்க?” என்று கேட்டேன்.

“முன்னால, வராந்தாவுல. வெயிலு அந்தப் பக்கந்தான அடிக்கும். பந்து வெளையாடற எடமும் அக்கட்டத்தான்.”

“இந்தப் பக்கம்?”

“இந்தப் பக்கம் எதுக்கும்மா வாராங்க? எச்சித்தொட்டியப் பாக்கவா?” என்று சிரித்தார். பிறகு எங்கள் சரிவைக் கையால் காட்டி, “நீங்க அங்கிருந்தா வாரீங்க? கடை இன்னும் பஜார்லயே இருக்குதுன்னுல்ல நெனச்சேன். அது எந்த எஸ்டேட்டு லயன்? ரொம்ப நாளாக் கேக்கணும்னு இருந்தேன்” என்றார்.

திரும்பிப் பார்த்தேன். வெள்ளைச் சுவர், சிவப்புக் கூரை, ஒன்றைப்போல் ஒன்று, வரிசை வரிசையாக. தோட்டக் கூலிகளுக்குக் கட்டிக் கொடுக்கிற லயன் வீடுகள்தான். வேறு எதுவுமாக அதைப் பார்க்க முடியவில்லை. சிரிப்பு பீறிட்டு வந்தது, கூடவே அழுகையும். இதற்காகவா ஈரத் துணி? இதற்காகவா அந்தக் கம்பவுண்டரைச் சேற்றில் இழுத்துக்கொண்டு போனது?

பட்லர் இரண்டு நாள்தான் தவணை கொடுத்தார். அதற்கு மேல் அவர் கையிலும் இல்லை. கூடையை எடுத்துக்கொண்டு திரும்பினால், எச்சில் தொட்டிக்கு அந்தப் பக்கம் வேலியோரமாகச் செக்ரெட்டரி நின்றுகொண்டிருந்தார். பந்தய வாரம் என்பதால் காலையிலேயே வந்துவிட்டார் போலிருக்கிறது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கோட்டுப் பொத்தான் எல்லாம் போட்டுக்கொண்டு, எங்கள் ஊரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் நிற்கிற இடத்தில் புல் தேய்ந்து மண் தெரிந்தது.

“ஏனம்மா, நீங்க எங்க இங்க?” என்றார்.

“ரொட்டி விசயமா வந்தனுங்க. ஏனுங்க, துரைமாரெல்லாம் அந்தப் பக்கமல்ல உக்காந்திருக்கறாங்க?”

“ஆமாங்க.”

“இந்தப் பக்கம் ஒருத்தரும் வர்றதில்லயாமா. பட்லரு சொல்றாரு.”

“தெரியுமுங்க. நான் தெனமும் வந்து நிக்கறனல்ல.”

தெரியுமாம். ஏமாந்த மனிதர் என்றல்லவா இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். ஏமாந்தவராக இருந்தால்கூட மன்னித்துத் தொலைக்கலாம்.

“தெரிஞ்சுமா? அப்பறம் யாருக்குங்க இத்தனையும்?”

“ஒரு நாளைக்கி யாராச்சும் வருவாங்க அம்மா” என்றார். குரலில் கோபமே இல்லை. பிள்ளைக்குப் பாடம் சொல்கிற மாதிரிப் பொறுமையாகச் சொன்னார். “பந்து தவறி இந்தப் பக்கம் விழுந்தா எடுக்கறதுக்குன்னாச்சும் வருவாங்க. வந்தா நிமிந்து பாப்பாங்களா மாட்டாங்களா? அன்னைக்குன்னு பாத்து உங்க ஊட்டுப் பொகை வந்துட்டிருந்தா என்ன ஆவறது?”

“ஒரு நாளைக்கி வருவாங்கன்னு எதுக்குக் காத்துட்டிருக்கறீங்க? நான் வந்திருக்கறனல்லங்க. நானும் அக்கட்டயிருந்து நம்ம ஊரைப் பாத்துட்டனுங்க.”

அவருக்கு நான் சொன்னது புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் லேசாகச் சிரித்தார்.

“நீங்க பாத்தா ஆச்சுங்களா அம்மா?”

கிண்டலாகச் சொல்லவில்லை. மரியாதையாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டு ஊரைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். அந்த ஊரில் குடியிருக்கிறவள், அவர் வீட்டம்மாளின் துணியைக் காயவைத்துக் கொடுக்கிறவள், பள்ளம் இறங்கி மேடு ஏறி வந்து நிற்கிறேன். என் கண் அவருக்குக் கண் கணக்கிலேயே இல்லை. இவ்வளவு நாளும் இந்த ஆளுக்கா பயந்தோம் என்று நினைத்தபோது எனக்கு என்மேலேயே எரிச்சல் வந்தது. இறங்கி வந்துவிட்டேன்.

வீட்டில் மாவு பொங்கித் தயாராக இருந்தது. விறகு அடுக்கியபடியே இருந்தது. என் வீட்டுக்காரர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“மூட்டுங்க” என்றேன்.

“மூட்டம் எங்க புள்ள? கிளப்பு பளிச்சுன்னு தெரியுதே.”

“தெரியட்டுமுங்க. மூட்டுங்க.”

“கொத்தனாரோட வருவாரே?”

“வரட்டும். எரியற அடுப்புக்கு மேல எந்தக் கொத்தனாரு ஏறறான்னு பாக்கறேன்.”

அவர் தயங்கினார். தீப்பெட்டியை நானே வாங்கிக்கொண்டேன். பனிக்காலத்து வெயிலில் காய்ந்த சீகை விறகு, வைத்ததும் பிடித்துக்கொண்டது. வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்த்தேன். காற்றே இல்லை. எங்கள் கூண்டிலிருந்து புகை தடியாக, கறுப்பாக, நேரே மேலே போனது. எதிரே கிளப்பின் சமையற்கட்டுப் புகையும் அப்படியே போய்க்கொண்டிருந்தது. அந்த வேலியோரத்தில் அவர் இன்னும் நின்றுகொண்டுதான் இருப்பார். எங்கள் புகையைப் பார்க்க அந்த மேடு முழுவதிலும் இருந்தது அந்த ஒரு ஆள்தான். நன்றாகப் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டு, மாவை உருட்ட உள்ளே போனேன்.